எழுத்து வகுப்பில் ஒரு கவிதை

கேள்வி: எண்ணூரில் பெண்களுக்கு மாலைநேர எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறோம். குடும்ப வன்முறை என்று பேச்செடுத்தாலே எல்லோரும் தலைகுனிந்துவிடுகிறார்கள். கவிதை உதவுமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: நிச்சயம் உதவும். எண்ணூர் வழியாக ஓடும் ரயில் பாதையிலேயே இருக்கும் நெல்லூர்தான் அதற்குச் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்து எழுத்தறிவுப் பாடநூலில், சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தைச் சொல்லும் சீதம்மா கதை இருந்தது. அதைப் படித்த பெண்கள் தங்கள் வீட்டு அடி உதையையும் பேசத் தொடங்கினார்கள். துபகுண்டா கிராமத்தில் ரோசம்மாவும் மற்ற பெண்களும் சாராயக் கடையை மூடவைத்தார்கள். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது.

சீதம்மாவைப் பற்றிப் பேசுவது எளிது. தன்னைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். கவிதையும் அப்படி ஒரு மறைவைத் தரும். மணவாழ்வின் மூச்சுமுட்டலை எழுதிய துவரங்குறிச்சி சல்மாவின் கவிதை ஒன்றை உரக்கப் படியுங்கள். "இந்தப் பெண் யாரிடம் போகலாம்?" என்று மட்டும் கேளுங்கள். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவர் தானாகப் பேசட்டும். "உனக்கும் இப்படியா?" என்று யாரையும் துருவாதீர்கள், மறுநாள் அவர் வரமாட்டார்.

2006 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைச் சட்டம், வசவையும் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதையும்கூட வன்முறையாகவே கொள்கிறது. இதையும் சொல்லிக்கொடுங்கள். வகுப்பு முடியுமுன் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.