கேட்கும் காது

வாய் சாமர்த்தியம் உள்ளவரையே கெட்டிக்கார வியாபாரி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் என் மொத்தக் கடைக்கு வரும் சில்லறைக் கடைக்காரர்களில், வாடிக்கை கலையாமல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதிகம் பேசாதவர்கள்.

திருக்குறளில் கல்வி, கல்லாமை இரண்டையும் அடுத்து 42-வது அதிகாரமாகக் 'கேள்வி' வருகிறது. படிக்காதவனும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோலாக நிற்கும் என்கிறார் வள்ளுவர். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த நம்மில் பலருக்கும் பொருந்துகிற வார்த்தை.

'சர்க்கரை' என்றால் சில ஊர்களில் வெள்ளைச் சீனி, சில ஊர்களில் நாட்டுச் சர்க்கரை. பொட்டுக்கடலைக்கு உடைத்த கடலை, பொரிகடலை என்று ஊருக்கு ஒரு பெயர். போனில் இருபதும் அறுபதும் ஒன்றுபோலக் காதில் விழும். ஆகவே ஆர்டரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே பில் போடுங்கள். இப்போது வாட்ஸ்அப்பில் பேசியே ஆர்டர் அனுப்புகிறார்கள். அதைக் கடைசி வரை கேளுங்கள். "முண்டு வத்தல் வேண்டாம், நீட்டு வத்தல் போடுங்க" என்பது கடைசியில்தான் வரும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் குறையைக் கேட்காததில் இருக்கிறது. "போன தடவை வாங்கின துவரம்பருப்பு வேகவே இல்லை" என்று ஓர் அம்மா சொல்கிறார். "நம்ம கடையில அப்படி வராதேம்மா, உங்க வீட்டுத் தண்ணி உப்பா இருக்கும்" என்று உடனே பதில் வருகிறது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகத் தாமதமாகும் என்பது உண்மைதான். நாள்பட்ட பருப்பும் அப்படித்தானே? எப்போது வாங்கினது, இதே தண்ணீரில் முன்பு வெந்ததா என்று இரண்டு கேள்வி கேட்டால், கோளாறு தண்ணீரிலா மூட்டையிலா என்று ஓரளவு விளங்கிவிடும். கேட்காவிட்டால் அந்த அம்மா சண்டைக்கு வரமாட்டார். அடுத்த மாதச் சாமான் சீட்டு எதிர்க்கடைக்குப் போகும். இருவர் ஒரே குறையைச் சொன்னால் அந்த மூட்டையைத் தனியே எடுத்து வைத்து மொத்தக் கடைக்குச் சொல்லுங்கள். அந்த லாட் கிடங்கில் இருக்கும்போதே தெரிந்தால் நாங்கள் மில்லில் பேசலாம். விற்றுத் தீர்ந்தபின் யாரிடம் போய்க் கேட்பது?

பாக்கிக்காரர் மழை, மகள் கல்யாணம் என்று சுற்றி வளைத்துத்தான் ஆரம்பிப்பார். நாலு பேர் முன்னால் "கதை வேண்டாம், பணம் எங்கே" என்று வெட்டிப் பேசினால் அன்றோடு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிடுவார். உள்ளே உட்காரவைத்து முழுதும் பேசவிடுங்கள். மாதம் எவ்வளவு முடியும் என்பதை அவரையே சொல்லவைத்து, அவர் எதிரிலேயே கணக்கில் எழுதுங்கள். ஏமாற்ற நினைப்பவர் கடை வாசலில் வந்து நின்று சாக்குச் சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டிலும் இதே கதைதான். கல்லாக் கணக்கை மனதில் ஓட்டிக்கொண்டு நாம் 'ம்' கொட்டுவது வீட்டாருக்கு நன்றாகவே தெரியும்.

கடைப் பையன்களை மறக்கக் கூடாது. வாடிக்கையாளர் முணுமுணுப்பது முதலில் அவர்கள் காதில்தான் விழுகிறது. இரவு கதவு சாத்துமுன், "இன்றைக்கு எதைக் கேட்டவருக்கு இல்லை என்று சொன்னோம்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே பொருள் மாதத்தில் மூன்று தடவை வந்திருந்தால், அடுத்த கொள்முதலில் ஐந்து கிலோவாவது வாங்கிப்போட்டுப் பாருங்கள்.