ஆனதோத்து நிலத்தின் கிரயப்பத்திரம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புத்தாண்டு ஆராதனையில் உனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் நற்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 இருந்ததென்றும், அடுத்த மாதமே உன் தகப்பனாருடைய வேலை ஆட்டங்கண்டுவிட்டபடியால் இனி எதை நம்புவதென்றே விளங்கவில்லையென்றும் எழுதியிருக்கிறாய். அட்டையின்மேல் எனக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் அதற்கு முந்திய வசனம், அந்த நற்காலம் வர எழுபது வருஷம் செல்லும் என்று அறிவிப்பதை நம்மவரில் அநேகர் வாசிப்பதேயில்லை. ஆகையால் அங்கேயே நின்றுவிடாமல், முப்பத்திரண்டாம் அதிகாரத்தையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப்பார்.

கி.மு. 587 அளவில், சிதேக்கியா ராஜா ஆண்ட பத்தாம் வருஷத்தில், பாபிலோனின் சேனை எருசலேமை வளைத்து மதிலுக்கு எதிரே மண்மேடு போட்டுக்கொண்டிருக்க, இந்த நகரம் விழும் என்று ஒளிக்காமல் உரைத்த குற்றத்துக்காகவே எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அவ்வேளையில் அவருடைய தகப்பனின் சகோதரனாகிய சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தூரிலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படியும், மீட்கும் உரிமை அவருக்கே உரியதென்றும் கூறினான். எருசலேமுக்கு வடகிழக்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தூரத்திலிருந்த அந்த ஊர் எரேமியாவின் சொந்த ஊர். அவ்வூராரே முன்னொரு காலத்தில் அவர் பிராணனை வாங்கத் தேடினவர்கள். சத்துருவின் பாளயம் சூழ்ந்த தேசத்தில் நிலத்துக்கு வேறு யார் விலை கொடுப்பார்கள்? உறவின்முறைக் கடமையை நினைவூட்ட வந்தவனுக்கு ரொக்கத்தின்மேலும் ஒரு கண் இருந்திருக்கும் என்று நான் சந்தேகிப்பதுண்டு.

எரேமியாவோ, இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்து, 17 சேக்கல் வெள்ளியை, அதாவது நம் கணக்கில் சுமார் 200 கிராமைத் தராசிலே நிறுத்துக் கொடுத்தார். பத்திரத்தில் கையெழுத்திட்டு, சாட்சிகளையும் கையெழுத்திடச் செய்து, முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாக இரண்டையும் முற்றத்திலிருந்த அனைவருக்கும் முன்பாகப் தம் எழுத்தனாகிய பாருக்கின் கையில் கொடுத்து, அவை நெடுநாள் கெடாதிருக்க ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார்; இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் மறுபடியும் வாங்கப்படும் என்பதே கர்த்தர் சொன்ன காரணம். மண்பாண்டம் எவ்வளவு காலம் காக்கும் என்று கேட்கிறவர்களுக்கு, 1947-ல் சவக்கடலோரக் கும்ரான் குகையில் ஜாடிகளிலிருந்து கிடைத்த தோற்சுருள்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானவை என்று சொல்லலாம். அமைதியான காலத்தில் ஒரு குடும்பஸ்தன் பத்திரம் முடிக்கும்போது எதையெல்லாம் கவனிப்பானோ, அதில் ஒன்றையும் அவர் முற்றுகையைக் காரணங்காட்டிக் குறைக்கவில்லை.

இதற்குச் சில வருஷங்களுக்கு முன்னே அனனியா என்னும் ஒருவன், இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று தேவாலயத்தில் கூறி, அந்த நுகத்துக்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தை எல்லாருக்கும் முன்பாக உடைத்துப்போட்டான். நாமெல்லாரும் கேட்க விரும்பும் வார்த்தை அதுதான், அவ்வார்த்தையோ பொய்த்துப்போயிற்று. நகரம் விழும் என்பதில் சந்தேகமற்றிருந்த எரேமியாவே நிலத்துக்கு வெள்ளி கொடுத்தவர் என்பதை நீ மனத்தில் வைக்கவேண்டும். அவருக்கும் குழப்பம் இல்லாமற்போகவில்லை: பத்திரம் கைமாறிய பின்பு, மண்மேடுகள் மதில்வரை வந்துவிட்டனவே, இந்த நேரத்திலா நிலம் வாங்கச் சொன்னீர் என்று அவர் ஜெபத்தில் ஆண்டவரிடமே முறையிடுகிறார். விசுவாசிக்குச் சந்தேகமே எழலாகாது என்று உன்னைக் கடிந்துகொண்டவர்கள் அந்த ஜெபத்தைப் படிக்கட்டும்.

இந்த அதிகாரத்தை 1943-ல் பெர்லின் நகரத்துத் தேகெல் சிறையில் நினைவுகூர்ந்தவர் ஜெர்மானியப் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர். அவ்வாண்டு ஜனவரியில் மரியா வான் வேடெமேயருடன் அவருக்கு விவாகம் நிச்சயமாயிற்று. ஏப்ரலில் ஹிட்லரின் அரசாங்கம் அவரைக் கைதுசெய்தது. சிறையிலிருந்து அவளுக்கு எழுதிய கடிதத்தில் அவர் எரேமியா நிலம் வாங்கிய செய்தியைத் தங்கள் விவாகத்தோடு இணைத்து எழுதினார். அந்த விவாகம் நடைபெறவில்லை. 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். எரேமியாவும் அந்த நிலத்தை அனுபவித்ததாக வேதம் சொல்லவில்லை. நகரம் விழுந்தபின் ஜனங்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இவற்றை உனக்கு மறைத்துவிட்டு ஆறுதல் சொல்ல என்னால் இயலாது. நம்முடைய நம்பிக்கை கல்லறையைத் தாண்டி வந்த ஒருவர்மேல் நிற்கிறபடியால், நம் ஆயுளுக்குள் கணக்குத் தீரவேண்டும் என்ற நிபந்தனையை அதற்கு விதிக்க நமக்கு அதிகாரமில்லை.

பெர்சியாவின் கோரேசு ராஜா பாபிலோனைப் பிடித்தபின்பு அங்கிருந்த சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களின் பட்டியல் எஸ்றா இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. வெறும் பெயரும் எண்ணுமாகையால் பிரசங்கிமார்களும் அதை விட்டுவிடுவார்கள். அதிலே ஆனதோத்தூரார் 128 பேர். அந்தக் குறிப்பிட்ட வயல் யார் கைக்குப் போயிற்று என்று அங்கே எழுதப்படவில்லை.

கடிதத்தின் ஓரத்தில், வீடு இருக்கிற நிலையில் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று சின்ன எழுத்தில் கேட்டிருந்தாய். தாராளமாக விண்ணப்பி, சான்றிதழ்களின் நகலில் மேலொப்பம் வாங்க மறந்துவிடாதே. முதல் தவணையைப் பற்றி உன் தகப்பனாரோடு நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா