பைபாஸுக்குப் பிறகு நெஞ்செரிச்சலா?

பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவர் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்தால் வீடே பதறும். பல நேரம் காரணம், மேலேறி வரும் வயிற்று அமிலம்தான்.

● வயிறு முட்டச் சாப்பிடாமல், அளவைக் குறைத்து ஐந்தாறு வேளையாகச் சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம் நல்லது. காரக்குழம்பு, பஜ்ஜி, வெறும் வயிற்றுக் காபி வேண்டாம்.

● இரவு 7 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குப் படுங்கள்.

● தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி எரிச்சல் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல மரக்கட்டை வையுங்கள்.

● இடப்பக்கம் படுத்தால் எரிச்சல் குறையும். ஆனால், அறுத்த நெஞ்செலும்பு சேரும்வரை டாக்டரைக் கேட்காமல் ஒருக்களித்துப் படுக்காதீர்கள்.

● ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்தினால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

● ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள், அமிலத்தைக் குறைக்கக் கடையில் ஒமிப்ரசோல் கேட்டு வாங்காதீர்கள். அது க்ளோபிடோக்ரலின் பலனைக் குறைக்கும். எது பொருந்தும் என்று டாக்டர் சொல்லட்டும்.

● சோடா உப்பு கலக்கிக் குடிக்காதீர்கள். அதிலுள்ள சோடியம் இதயத்துக்குச் சுமை.

● மலம் தார்போல் கறுத்தால் உள்ளே ரத்தம் கசியலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

எரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால், ‘வெறும் கேஸ்தான்’ என்று இஞ்சிச் சாறு தேடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.