துடுப்பும் தூண்டிலும்: ஆத்தூரிலிருந்து ஒரு நாள் ஆற்றுப் பயணம்

கயாக்கில் அமர்ந்து, ஆற்றின் ஓட்டத்தோடு மிதந்தபடியே தூண்டில் போடும் பயணத்துக்கு மூன்று தேவை: அறுபடாத நீர், மெதுவான ஓட்டம், படகை இறக்கவும் ஏற்றவும் தோதான இரண்டு துறைகள். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் இம்மூன்றும் ஒருசேர அமைவதில்லை. ஆனால் ஆத்தூரைத் தொட்டுச் செல்லும் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் காவிரியில் அமைகின்றன. ஆத்தூரிலிருந்து கிளம்பி, கரூர்ப் பக்கம் காவிரியில் ஒரு பகற்பொழுதை நிதானமாகக் கழிப்பதற்கான திட்டம் படிப்படியாகக் கீழே தரப்படுகிறது.

1. ஆற்றைத் தேர்ந்தெடுத்தல்

கீழ்ப்பழனி மலைகளில் பிறக்கும் குடகனாறு ஆத்தூர், திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதிகளைக் கடந்து வடக்கே சென்று அமராவதியில் கலக்கிறது. அமராவதி, கரூர் மாவட்டம் திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்கிறது. குடகனாற்றில் பெரும்பாலான மாதங்கள் மணலும் கருவேலமுமே தெரியும். மழை பிடித்தால் சில நாள் வெள்ளம் வரும். வறண்டு கிடக்கும் ஆறு சாதுவானது என்று எண்ணுவது தவறு. வேடசந்தூர் வட்டம் அழகாபுரியில் இந்த ஆற்றின் குறுக்கே கட்டிய மண் அணை, 1977இல் வெள்ளம் கரைக்கு மேல் வழிந்து உடைந்தது. ஆகவே வெள்ளம் வரும் சில நாட்களை நம்பிக் குடகனாற்றில் கயாக் இறக்குவது கூடாது.

ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிற்கும் காலம் அதிகம். ஆனால் அது திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தரும் தேக்கம், ஓட்டமில்லாத நீர், அனுமதியின்றிப் படகோ தூண்டிலோ இறக்கக் கூடாத இடம். அமராவதி அணைத் தேக்கத்தில் முதலைகள் வாழ்கின்றன. அதையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம்.

மிஞ்சுவது காவிரி. வாங்கல், மோகனூர்ப் பகுதியிலிருந்து திருமுக்கூடலூர் நோக்கி வரும் காவிரி அகலமானது. மணல்திட்டுகளும் நாணல் ஓரங்களும் உள்ளது. பாறைச் சரிவுகள் நிறைந்த ஒகேனக்கல் போன்றதல்ல. ஆத்தூரிலிருந்து வேடசந்தூர், அரவக்குறிச்சி வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். மேட்டூருக்கும் பவானிக்கும் இடைப்பட்ட காவிரியில் மின் உற்பத்திக்கான கதவணைகள் அடுத்தடுத்து இருப்பதால் அப்பகுதி இத்தகைய பயணத்துக்கு ஏற்றதல்ல.

2. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

கரூர்ப் பகுதிக் காவிரியில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பதை மேட்டூர் அணைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் திறப்பது வழக்கம். அணையின் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். தென்மேற்குப் பருவமழையில் 120 அடி அணை நிரம்பினால் உபரி நீர் அப்படியே ஆற்றில் விடப்படும். அந்நாட்களில் கரையோர மாவட்டங்களில் ஆற்றில் இறங்கவே தடை வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காட்டாறுகள் எந்நேரமும் வந்து சேரலாம். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டம் மெலிந்து, கயாக் மணலில் தட்டும்.

ஆகவே பொங்கலை ஒட்டிய வாரங்களிலிருந்து பிப்ரவரி வரை உள்ள காலமே நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, தண்ணீர் தெளிந்து வரும். நாள் குறித்த பிறகும் அதற்கு முந்தைய மூன்று நாட்கள் மேட்டூர் நீர்த்திறப்பைச் செய்தித்தாளில் பார்த்துவர வேண்டும். அங்கே திறந்த நீர் கரூர் வந்து சேர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்பதால், இன்றைய ஆற்றைப் பார்த்து நாளைய ஆற்றை முடிவு செய்யக் கூடாது. திறப்பு சட்டென உயர்ந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

3. அனுமதி பெறுதல்

உள்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது, அல்லது மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் உள்ளது. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவரும் அந்த உரிமைக்கு உட்பட்டவரே. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் தூண்டிலுக்கும், நீர்வளத் துறை அலுவலகத்தில் படகு இறக்குவதற்கும் முன்கூட்டியே கேட்டு, கிடைக்கும் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

அடுத்து, துறையில் பரிசல் ஓட்டுபவர்களிடமும் வலைபோடும் மீனவர்களிடமும் பேச வேண்டும். எந்தக் கசம் ஆழம், எங்கே சுழி இழுக்கும், மணல் அள்ளிய குழி எங்கே மறைந்திருக்கிறது, முதலை தென்பட்டதுண்டா என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை, அவர்களிடம் உண்டு. அவர்களில் ஒருவரைக் கூலி பேசிப் பரிசலில் உடன் வரச் சொல்வது முதல் பயணத்துக்கு மிகப் பெரிய பாதுகாப்பு.

4. தூரத்தைக் கணக்கிடுதல்

நிதானமான பயணம் என்பது தூரத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது. முந்தைய நாள் துறைக்குப் போய் ஓட்டத்தை அளக்க வேண்டும். கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு, மேல் குச்சிக்கு நேராக ஒரு தென்னங்குரும்பையை நீரில் எறிந்து, கீழ்க் குச்சியை அது கடக்க ஆகும் விநாடிகளை எண்ண வேண்டும். 72ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 40 விநாடி ஆனால் வேகம் 1.8 கிலோமீட்டர். இது தூண்டிலுக்கு ஏற்ற ஓட்டம். 20 விநாடிதான் ஆகிறது என்றால் 3.6 கிலோமீட்டர், புதியவரால் அதை எதிர்த்துத் துடுப்புப் போட்டு வெகுதூரம் திரும்ப முடியாது. அன்று இறங்காமலிருப்பதே சரி.

காலை 7 மணிக்கு இறங்கி, பிற்பகல் 1 மணிக்குக் கரையேறுவதாக வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 6 மணி நேரம். 1.8 கிலோமீட்டர் ஓட்டத்தில் 6 கிலோமீட்டர் மிதக்க 3 மணி 20 நிமிடம் போதும். எஞ்சும் 2 மணி 40 நிமிடம் நங்கூரமிட்டுத் தூண்டில் போடவும், மணல்திட்டில் சாப்பிடவும், இளைப்பாறவும் ஆகும். 6 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட்டால் தூண்டில் மறந்து துடுப்பே வேலையாகிவிடும்.

கரையேறும் துறையை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து மேல்நோக்கி அளந்து இறங்கும் துறையைக் குறிக்க வேண்டும். வாகனம் கரைவரை வருமா என்று இரண்டு இடத்திலும் நேரில் பார்க்க வேண்டும். கீழே மாயனூரில் 98 மதகுகள் கொண்ட கதவணை இருக்கிறது. அதற்கு வெகு முன்னரே, திருமுக்கூடலூர்ப் பக்கத்திலேயே பயணம் முடிந்துவிட வேண்டும். இரண்டு வாகனம் இருந்தால் ஒன்றை முடியும் துறையில் நிறுத்திவிட்டு வரலாம். ஒன்றே இருந்தால் உள்ளூர் ஆட்டோக்காரரிடம் நேரம் சொல்லி வைக்கலாம்.

5. கயாக்கும் பாதுகாப்புப் பொருட்களும்

மேலே அமர்ந்து ஓட்டும் வகைக் கயாக்கே தூண்டிலுக்கு உகந்தது. கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் நிரம்பாது. புரட்டிப்போட்டு மீண்டும் ஏறலாம். 10 முதல் 12 அடி நீளமும் நல்ல அகலமும் போதும். தயாரிப்பாளர் குறித்த எடைத் திறனில் ஆளும் சாமானும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது.

ஒவ்வொருவரும் உயிர்காப்புச் சட்டையை அணிந்தே இருக்க வேண்டும்; இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்தால் அது சாமான் மட்டுமே. சட்டையில் ஒரு விசில், கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறு கத்தி, நீர்புகாப் பையில் கைபேசி, முதலுதவிப் பொருட்கள், 15 மீட்டர் மிதக்கும் கயிறு ஆகியவை கட்டாயம். துடுப்பைக் குட்டைக் கயிற்றால் படகோடு பிணைக்கலாம். ஆளைப் படகோடு பிணைக்கவே கூடாது. 1.5 கிலோ மடக்கு நங்கூரம் மெதுவான நீருக்குப் போதும். நங்கூரக் கயிறு படகின் மூக்கிலோ வாலிலோ இருந்துதான் போக வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் படகைச் சரித்துக் கவிழ்த்துவிடும். இழுத்ததும் அவிழும் முடிச்சே போட வேண்டும்.

6. கவிழப் பழகுதல்

பயணத்துக்கு முந்தைய வாரம், நெஞ்சளவு நீருள்ள நீச்சல் குளத்தில் கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, புரட்டி, வயிற்றால் ஊர்ந்து ஏறி அமரப் பழக வேண்டும். மூன்று முறை உதவியின்றி ஏற முடிந்தவரே ஆற்றுக்குத் தயார். திண்டுக்கல் பக்கம் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள் ஏராளம். ஆனால் கிணற்றில் ஓட்டம் கிடையாது. கிணற்று நீச்சல் மட்டும் ஆற்றுக்குப் போதாது. பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டையில் பழகவே கூடாது. கரை வழுக்கி, நீந்தத் தெரிந்தவரும் ஏற முடியாமல் போகும்.

7. தூண்டில் தயார் செய்தல்

கயாக்கில் நீளக் கழி இடைஞ்சல். 6 அடிக் கம்பும் சிறு சுருளும் போதும். 4 முதல் 6 கிலோ தாங்கும் தங்கூசி நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, சிறிதும் நடுத்தரமுமாக முட்கள் எடுத்துக்கொள்ளலாம். முள்ளின் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் விடவேண்டிய மீனைக் காயமின்றி விடலாம். தன் விரலில் ஏறினாலும் எளிதாக எடுக்கலாம்.

நாணல் ஓரத்திலும் கோரைப் புதரிலும் விரால் பதுங்கும். அதற்குச் சிறு மீனோ தவளை வடிவப் பொய் இரையோ ஏற்றது. அடித்தரையில் கெளுத்தி; மண்புழுவை ஈயக்குண்டோடு இறக்க வேண்டும். ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் விளிம்பில் கெண்டை, ரோகு மேயும். பிசைந்த மாவு உருண்டையைத் தக்கையோடு மிதக்கவிடலாம். ஜிலேபி கெண்டை எதற்கும் வரும். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டக் காலத்திலிருந்தே குற்றம். அப்படிச் செய்பவரைக் கண்டால் விலகிப்போய்த் தகவல் தர வேண்டும்.

8. ஆற்றில் நடந்துகொள்ளும் முறை

ஆத்தூரிலிருந்து விடியுமுன் 4 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் பரவும்போது துறையில் இருக்கலாம். புளிச்சோறு, சிறுமலை வாழைப்பழம், ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர், தொப்பி, சின்னாளபட்டிக் கைத்தறித் துண்டு எடுத்துக்கொள்ளலாம். எங்கே இறங்கி, எங்கே, எத்தனை மணிக்கு ஏறுவது என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது. மூன்று பேர் சேர்ந்தது சிறந்த குழு. கூப்பிட்டால் கேட்கும் தொலைவுக்குள் இருக்க வேண்டும்.

ஓட்டத்தின் நடுவில் வேகம், ஓரத்தில் நிதானம். மிதப்பது ஓரத்தை ஒட்டி. தூண்டில் விழுவது மடுவின் விளிம்பில். நீரில் சாய்ந்த மரத்தின் கிளைகளுக்குள் ஓட்டம் புகுந்து போகும். கயாக் போகாது, மாட்டிக்கொள்ளும். அதைத் தொலைவிலேயே கண்டு விலக வேண்டும். ஆற்றின் நடுவிலுள்ள குடிநீர்த் திட்டக் கிணறுகள், பாலத் தூண்கள் அருகிலும் நங்கூரமிடக் கூடாது. தடுப்பணை எவ்வளவு சிறியதானாலும் படகோடு இறங்கக் கூடாது; அதன் அடியில் சுழலும் நீர் ஆளை மேலே விடாது. கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக வேண்டும். மணல் அள்ளிய குழிகள் முழங்கால் நீருக்குப் பக்கத்திலேயே இருக்கும். துடுப்பால் ஆழம் பார்க்காமல் காலை ஊன்றக் கூடாது.

தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ, கரையில் இட்ட அடையாளத்துக்கு மேல் மட்டம் ஏறினாலோ உடனே மேட்டுக் கரைக்குப் போய்விட வேண்டும். மணல்திட்டில் ஒதுங்கக் கூடாது. திட்டுதான் முதலில் மூழ்கும். ஆபத்தில் 112, காயத்துக்கு 108.

மீனவர் வலைக்கு மேலே கயாக்கை ஓட்டக் கூடாது. சமையலுக்கு வேண்டிய அளவே எடுத்து, குஞ்சு மீன்களையும் சினை மீன்களையும் ஈரக் கையால் பிடித்து விட வேண்டும். நீர்நாய்க் கூட்டம் தெரிந்தால் துடுப்பை நிறுத்திக் கடந்துபோகவிட வேண்டும். அறுந்த நரம்புத் துண்டு ஒன்றைக்கூட ஆற்றில் விடக் கூடாது. அது கொக்கின் காலிலும் ஆமையின் கழுத்திலும் போய்ச் சுற்றும்.

9. திரும்பிய பின்

கரையேறியதும் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிறகு கயாக், துடுப்பு, நங்கூரக் கயிறு எல்லாவற்றிலும் ஒட்டிய ஆகாயத்தாமரைத் துண்டுகளையும் சேற்றையும் அங்கேயே நீக்கி, வீட்டில் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் முழுக்கக் காயவிட வேண்டும். ஆகாயத்தாமரை ஒரு சிறு கணுவிலிருந்தும் பெருகும். மிஞ்சிய உயிர் இரையையோ உயிரோடு கொண்டுவந்த மீனையோ ஊர்க் குளத்தில் விடக் கூடாது. வேற்று மீன்கள் நீர்நிலைகளுக்குப் பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆத்தூரின் தண்ணீர் காவிரிக்குப் போகலாம். காவிரியின் களை, ஒரு கயாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு, திண்டுக்கல் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கு வந்துவிடக் கூடாது.