கொடியும் விதையும்: கலப்பிரிவின் இரு வகைகள்

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வற்றாளைக் கொடியை வெட்டி நட்டால் தாய்ப்பயிரின் குணமே அமையும். கலப்பினத் தக்காளிப் பழத்தின் விதையை இட்டாலோ செடிகள் பலவிதமாகும். இதன் காரணம் கலப்பிரிவில் உள்ளது.

வேரும் தண்டும் வளர்வது இழையுருப்பிரிவினால். இதில் ஒரு கலம் இரண்டாகும். நெல்லுக்கும் தக்காளிக்கும் கலமொன்றில் 24 நிறமூர்த்தங்கள் உள. புதிய கலங்களிலும் 24 இருக்கும்.

பூவில் மகரந்தமும் சூலும் உண்டாகுமிடத்து நிகழ்வது ஒடுக்கற்பிரிவு. இதில் ஒரு கலம் நான்காகும். ஒவ்வொன்றிலும் 12 நிறமூர்த்தங்களே இருக்கும். பெற்றோர் குணங்களும் கலைந்து பங்கிடப்படும். கருக்கட்டலில் மீண்டும் 24 ஆகும்.

தூய இன நெல்லில் இரு பங்கும் ஒத்திருப்பதாலும், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுவதாலும், குணம் மாறாது. ஆகவே, கமக்காரர் அந்நெல்லைப் பிற இனம் கலவாது விதைக்கு வைக்கலாம். கலப்பினக் காய்கறி விதையைப் போகந்தோறும் புதிதாய்ப் பெறுதல் வேண்டும்.