நீர்வழியும் அரசும்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நீல மதில்போல் நீண்டு நிற்கின்றது. மழைக்காலத்தில் அதன் சரிவுகளிலிருந்து ஓடைகளும் சிற்றாறுகளும் இரைந்து இறங்கிக் கண்மாய்களை நிரப்புகின்றன. எஞ்சிய நீர் வைப்பாற்றோடு கூடிக் கிழக்கே மன்னார் வளைகுடாவை அடைகின்றது. மழை ஓய்ந்து சில திங்கள் கழிந்தால் ஆற்றில் மணலே எஞ்சும். ஆதலின் இராசபாளையத்து ஆலைகளின் நூலைப் படகில் ஏற்றிச் செல்ல வழியில்லை. மாட்டுவண்டிகள் சுமந்த பாரத்தை 1927-இல் அமைந்த விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை பகிர்ந்துகொண்டது. இந்நாளில் பெரும்பகுதி லாரிகளிற் செல்கின்றது.

அம்மலையின் மறுபுறத்திலோ நிலைமை வேறு. அங்கே மழை மிகுதி. கடலை ஒட்டிக் காயல்கள் கிடக்கின்றன. கேரளத்தில் கொல்லம் முதல் கோட்டப்புறம் வரை 205 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழி 1993-இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பெற்றது. மலை ஒன்றே, ஒருபுறம் படகுக்காரன் வாழ்கின்றான், மறுபுறம் வண்டிக்காரன் வாழ்ந்தான்.

எனினும், நீர் இருந்தால் மட்டும் ஆறு வழியாகிவிடுமோ? ஆகாது. படகின் அடி தரை தட்டாதவாறு ஆழம் வேண்டும். மணல் மேடிட்டால் தூர்வாருதல் வேண்டும். மேட்டு நீரினின்று தாழ்ந்த நீருக்குப் படகை இறக்க, ‘லாக்கு’ எனப்படும் இரட்டைக் கதவு மதகு வேண்டும். சரக்கை ஏற்றி இறக்கப் படித்துறையும், பண்டசாலையும், அங்கிருந்து ஊருக்குச் செல்லும் சாலையும் வேண்டும். இவை யாவும் ஒருங்கே அமைந்த இடமே உள்நாட்டுத் துறைமுகம். ஒரு வணிகன் படகு வாங்கலாம். ஆற்றை வாங்க இயலாது. அரசின் கை இங்கேதான் வந்து சேருகின்றது.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்துக் கழிகளிற் கட்டப்பட்டிருந்தமையையும், அத்துறையிற் பண்டங்களுக்குச் சோழனின் புலி முத்திரை இடப்பெற்றமையையும் பட்டினப்பாலை கூறுகின்றது.

பிற்காலத்தில், அரசு ஒரு நீர்வழியை ஆக்கியதும் அது பின் கைவிடப்பெற்றதும் ஆகிய இரண்டையும் பக்கிங்காம் கால்வாயிற் காணலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே எண்ணூர் நோக்கி ஒரு கால்வாய் வெட்டப்பெற்றது. வெட்டுவித்தவர் காக்ரேன் என்னும் வணிகர். வழியும் அவர் பெயராலேயே வழங்கிற்று. 1837-இல் அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் ஏற்று, வடக்கேயும் தெற்கேயும் சிறிது சிறிதாக நீட்டியது. கடற்கரையை ஒட்டி இயற்கையாகவே கிடந்த கழிகளை இணைத்துச் சென்றமையால் வெட்டும் வேலை ஓரளவு எளிதாயிற்று.

பின்னர் 1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. பட்டினியால் நலிந்தோர்க்கு வேலை தரும் பொருட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி வெட்டப்பெற்றது. அப்பொழுது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பெற்றது. மண் சுமந்தோர் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட இவ்வழியில் உப்பும், விறகும், சுண்ணாம்புக் கிளிஞ்சலும், நெல்லும் சென்னைக்கு வந்தன. காற்றடித்தால் பாய் விரிப்பர். காற்றில்லையேல் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர்.

இத்தகைய வழிகளே நாடெங்கும் வேண்டும் என்று வாதாடியவர் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர். கொள்ளிடத்தில் மேலணை கட்டியவரும், கோதாவரியில் தவளேசுவரம் அணையை எழுப்பியவரும் அவரே. கோதாவரிக் கால்வாய்கள் வயலுக்கு நீர் பாய்ச்சியதோடு படகும் செல்ல இடந்தந்தன. இருப்புப்பாதைக்குச் செலவிடும் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிடுவதே மேல் என்பது அவர் கொள்கை. 1878-இல் ஆங்கிலப் பாராளுமன்றக் குழுவின் முன்னும் அதனை வலியுறுத்தினார். அரசு அதனை ஏற்கவில்லை. பணம் இருப்புப்பாதைக்கே சென்றது. புகைவண்டி விரைந்து செல்வது, கோடையிலும் நில்லாதது. ஆயினும், ஒரே விசையால் சாலையில் இழுப்பதைவிடப் பன்மடங்கு பாரத்தை நீரில் இழுக்கலாம் என்று காட்டன் கூறியது பொய்யன்று.

பக்கிங்காம் கால்வாயின் சரக்கு மெல்லமெல்லச் சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் மாறிற்று. 1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன; செப்பனிடும் அக்கறை குறைந்தது. சென்னை நகருள் கழிவுநீர் அதில் கலந்தது. 1990-களில் பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயினுள்ளேயே ஊன்றப்பெற்றன. அவ்வாறிருக்க, 2008-இல் காக்கிநாடா – புதுச்சேரிக் கால்வாய்த் தொடர் நான்காம் தேசிய நீர்வழி என அறிவிக்கப்பெற்றது. பக்கிங்காம் கால்வாயும் அதனுள் அடங்கும். அரசின் ஒரு கை தூண் நட்ட இடத்தையே மற்றொரு கை படகுவழி என்று எழுதிற்று!

நம் அரசியலமைப்பின்படி, பாராளுமன்றம் தேசிய நீர்வழி என அறிவித்தவற்றில் இயந்திரக் கலங்களின் போக்குவரத்து மைய அரசின் பொறுப்பு. அதற்கென 1986-இல் இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் நிறுவப்பெற்றது. கங்கையில் ஆல்டியா முதல் அலகாபாத்து வரை 1,620 கிலோமீட்டர் முதல் தேசிய நீர்வழியாயிற்று. 2018-இல் கொல்கத்தாவிலிருந்து சரக்குப் பெட்டகங்கள் கப்பலேறிக் காசியில் புதிதாய் அமைந்த துறையை அடைந்தன. இடைவிடாது தூர்வாரி ஆழம் காத்ததன் பயன் அது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய நீர்வழிகளின் தொகையை 111 ஆக உயர்த்திற்று. அப்பட்டியலில் தாமிரபரணியும் வைகையும் உள, வைப்பாறு இல்லை. திருவில்லிபுத்தூரார் இதற்காக வருந்த வேண்டுவதில்லை. வைகையின் பெயர் பட்டியலில் ஏறியதனால் மதுரைப் பாலத்தின்கீழ் ஆழம் கூடிவிடவில்லை. 1959 முதல் வைகை அணை நீரைத் தேக்கி வயலுக்கு அனுப்புகின்றது. படகுக்காரனோ நீர் ஆற்றிலேயே நிற்க வேண்டும் என்பான். கங்கையில் இருவர்க்கும் நீர் போதலாம். இங்கே ஒருவர்க்கே போதாது. உழவர்க்கு முதலிடம் தருவதே இப்பகுதிக்குப் பொருந்தும்.

சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு கூடுகின்றது. படகுத்துறை அமையாத அவ்விடத்தில் நீர்த்தேக்கம் ஒன்று அமைந்துள்ளது. மழை பெய்த ஆண்டுகளில் அதன் நீர் வாய்க்கால்வழி வயல்களுக்குச் செல்கின்றது.