தரையோடும் தமிழ்ச்சொல்லும் - ஓர் ஆய்வு

ஒரு தொழில் ஒரு மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை அத்தொழிலுக்குரிய சொற்களைக் கொண்டே அளவிடலாம். உழவிற்கும் நெசவிற்கும் கடல்தொழிலுக்கும் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ஆயினும், நம் இல்லங்களின் தரையிலும் சுவரிலும் இன்று எங்கும் காணப்படும் சுட்ட ஓடுகளைப் பொறுத்தவரை, 'டைல்ஸ்' என்னும் ஒரே சொல்லால் அனைத்தையும் குறித்துவிடுகிறோம். இவ்வொற்றைச் சொல் வேறுபட்ட பல பொருள்களை மறைக்கின்றது; அதனால் இழப்பும் நேர்கின்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் வந்த வழி

தொழில் செல்லுமிடமெல்லாம் அதன் சொல்லும் செல்லும். ஈரானின் காஷான் நகரம் ஓட்டுக்கலையில் பெற்ற புகழால், பாரசீகத்தில் மெருகோட்டிற்குக் 'காஷி' என்றே பெயர் அமைந்தது. 1301ஆம் ஆண்டில் அந்நகரத்து அபுல் காசிம் என்பார் இக்கலையின் செய்முறையை நூலாக எழுதி வைத்தார். போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் வழங்கும் 'அசுலேஜோ' என்னும் சொல் அரபு மொழியிலிருந்து சென்றதாகும்.

தமிழிலும் இந்நிலையைக் காணலாம். 'மேஸ்திரி' போர்ச்சுகீசியம் தந்தது. செங்கற்பொடியைக் குறிக்கும் 'சுர்க்கி', சிவப்பு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லடியாகப் பிறந்தது. திசைச்சொல்லுக்குத் தொல்காப்பியரே இடமளித்துள்ளார். எனவே, கடன் வாங்குதல் இழுக்கன்று. வாங்கிய சொல்லைத் தெளிவின்றி வழங்குவதே இழுக்கு. நம் முன்னோர் 'ஓடு' என்னும் ஒரு சொல்லை நாட்டு ஓடு, சீமை ஓடு, தட்டோடு என அடைகொடுத்துப் பிரித்து வழங்கினர். அந்த நுட்பம் இன்றைய தரையோட்டிற்கும் தேவைப்படுகின்றது.

பொருளின் வகைகள்

சுட்ட ஓடுகளை வகைப்படுத்தும் முதன்மையான அளவுகோல் நீருறிஞ்சும் தன்மையாகும். ஐ.எஸ். 15622 என்னும் இந்தியத் தரநிலையும் இவ்வடிப்படையையே கொள்கின்றது. சுவருக்குரிய ஓடுகளுள் பல, தம் எடையில் 10 விழுக்காட்டிற்கும் மேல் நீரை உறிஞ்சுவன. 'விட்ரிஃபைடு' எனக் கடைகளில் வழங்கப்படும் ஓடோ 0.5 விழுக்காட்டிற்கு மேல் உறிஞ்சுவதில்லை. ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுங்கால் அதிலுள்ள கனிமங்களின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை அடைத்துவிடுவதே இதற்குக் காரணம். பாகுபதம் என்பதைப் போல இதனைக் 'கண்ணாடிப்பத ஓடு' எனலாம்.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் இவ்விரண்டிலும் சேராதது. சிமெண்டும் மணலும் வண்ணப்பொடியும் கொண்டு கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, நீரிலிட்டு இறுக வைக்கப்படும் அது, சூளையையே காண்பதில்லை. சிமெண்டினால் ஆனதாகையால், அமிலம் கலந்த துப்புரவு நீர் அதன் முகத்தை அரித்துவிடும். மூன்றையும் 'டைல்ஸ்' என்று அழைப்போர்க்கு இவ்வேறுபாடு எங்ஙனம் புலப்படும்?

பதிக்கும் முறை

சொல்லின் மயக்கம் செயலின் மயக்கமாவதை இங்கே காணலாம். நீருறிஞ்சும் ஓட்டைச் சிமெண்டுக் கலவையில் பதிக்குமுன் தண்ணீரில் ஊறவைப்பது கொத்தனார்களின் நெடுநாள் வழக்கம். அது அறிவார்ந்த வழக்கமே. உலர்ந்த ஓடு கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடின், சிமெண்டு இறுகுவதற்கு வேண்டிய நீர் கிட்டாது. ஆனால், கண்ணாடிப்பத ஓட்டை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் பயனில்லை. துளையற்ற அதன் முதுகில் வெறுங்கலவை வேர்பிடிப்பது அரிது. அதற்குப் பலபடிமப் பொருள் சேர்ந்த ஒட்டுப்பசை வேண்டும். பசையில் ஒட்டும்போது ஓடு ஈரமின்றி இருத்தல் நன்று.

பசையைப் பரப்பியபின் பொதுவாக 20 நிமிட அளவில் ஓட்டை வைத்துவிட வேண்டும். கடும் வெயிலிலும் காற்றிலும் இந்நேரம் மேலும் குறையும். காய்ச்சிய பாலில் ஆடை படிவது போலப் பசையின் மேலும் ஆடை படியும், படிந்தபின் ஒட்டாது. பையின்மீது அச்சிட்ட இக்குறிப்பு வேலை செய்பவரின் மொழியில் இல்லாவிடின், சில மாதங்களில் ஓடு உள்ளீடற்று ஒலிக்கும்; பின்னர்ப் பெயரும். கைத்திறன் குறைவன்று காரணம். சொல்லின் குறைவே காரணம்.

இழப்பு பணத்தோடு நிற்பதுமில்லை. வழவழப்பை உயர்தரத்தின் அடையாளமாகக் கருதிக் குளியலறையிலும் அதே ஓட்டைப் பதிப்பாருளர். வழுக்கலைத் தடுக்கும் திறன் 'ஆர்9' முதல் 'ஆர்13' வரை குறிக்கப்படுகின்றது. எண் உயர உயர வழுக்கல் குறையும். இக்குறியின் பொருளறியாமையால் துன்புறுவோர் பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியோரே.

கொத்தனாரின் சொல்வளம்

புதுச்சொற்களை ஆக்க முனைவோர் முதலில் செவிசாய்க்க வேண்டிய இடம் கட்டுமானக் களமேயாகும். மட்டம் காணும் கருவிக்கு 'ரசமட்டம்', செங்குத்து நோக்குவதற்குத் 'தூக்குக்குண்டு', கோணம் பார்க்க 'மூலைமட்டம்' ஆகியன அங்கு உயிரோடு உலவுகின்றன. கரைத்த சிமெண்டைச் 'சிமெண்டுப் பால்' என்பர். நீர் வடிவதற்குத் தரையில் அமைக்கும் சாய்வினை 'வாட்டம்' என்பர். குளியலறைத் தரையில் ஒரு மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. வரை சாய்வு வேண்டும் என்னும் பொறியியற் கருத்தை, 'வாட்டம் பார்த்துப் போடு' என்னும் மூன்று சொற்களில் அடக்கிவிடுகின்றனர். 'ஸ்பேசர்', 'கிரவுட்' போன்றவற்றிற்கு 'இடைக்கட்டை', 'இணைப்புச் சாந்து' என வழங்கலாம். களத்தில் இவற்றினும் எளிய சொல் கிடைப்பின் அதனையே கொள்வது தகும்.

நிறைவாக

யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா, அறிவியற் கலைச்சற்களைத் தொகுப்பதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அத்தகைய பணியின் ஒரு சிறுகூற்றை நம் மாணவரும் மேற்கொள்ளலாம். அவருள் பலர் கொத்தனார், தச்சர், மின்பணியாளர் ஆகியோரின் பிள்ளைகள். தந்தையர் நாவிலுள்ள சொற்களைப் பொருளோடும் வழங்கும் ஊரோடும் எழுதி வைத்தால், அதுவே ஒரு நல்ல ஆய்வேடாகும். ஏட்டில் ஏறாத சொல், அதனை வழங்கும் தலைமுறையோடு மறைந்துவிடும். அதற்குமுன் அவற்றைத் திரட்டுவது தமிழ்த்துறையின் கடமையாகும்.